கிராக் மென்பொருளைக் கழற்றிவிட்டு கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவது எப்படி: வீட்டுக் கணினிக்கு ஒரு முழு வழிகாட்டி

கணினி வாங்கும்போது கடைக்காரரே "எல்லாம் போட்டுத் தந்துடறேன் சார்" என்று ஆபிஸ், போட்டோஷாப், பிடிஎஃப் எடிட்டர் என, உரிமப் பூட்டை உடைத்த 'கிராக்' மென்பொருள்களை ஒரு மூட்டையாக ஏற்றிக் கொடுப்பது நம் ஊரில் வெகு சாதாரணம். என் சித்தப்பா வீட்டுக் கணினியும் அப்படி வந்ததுதான். குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு, கோயில் விழா அழைப்பிதழ், மகளின் தேர்வு விண்ணப்பங்கள் எல்லாம் அதில்தான் ஓடின. ஒரு நாள் ஆபிஸ் திறக்க மறுத்தது. கூடவே, அவர் போடாத ஏதேதோ நிரல்கள் பிரவுசரில் முளைத்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். அன்று செய்ததையும், அதற்குப் பிறகு தப்புத்தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். விண்டோஸ் கணினியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையில்லாததையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அந்தக் குழப்பத்தை விளக்கியே, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குப் பாதி ஆயுள் போயிருக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பெரும்பாலும் காசும் கேட்காது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிவது, அதில் சேமிக்கும் கோப்பு பத்து வருடம் கழித்தும் திறக்கும் என்பது. கீழே சொல்வதில் பாதி அந்தக் கோப்பைப் பற்றித்தான்.

படி 1: துடைப்பம்

எதையும் நீக்கும் முன் ஆவணங்கள், படங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, கிராக் போட்ட மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

அத்தோடு வேலை முடியவில்லை. கிராக் போடுகிறவர்கள் முதலில் செய்வது, குறிப்பிட்ட கோப்புறைகளைச் சோதிக்காதே என்று வைரஸ் தடுப்பானிடம் சொல்லிவைப்பது. மென்பொருளை நீக்கினாலும் அந்த விலக்கு அப்படியே இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன், அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று போய்ப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத கோப்புறை இருந்தால் எடுத்துவிட்டு, முழு ஸ்கேன் ஓட்டுங்கள். சித்தப்பா கணினியில் சி டிரைவ் மொத்தமும் அந்தப் பட்டியலில் இருந்தது! வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, கண்ணைக் கட்டிவிட்ட கதை.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய், கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டும்படி டிக் செய்துவிடுங்கள். பிடிஎஃப் போல வேடம் போட்டு வரும் நிரல் கோப்புகளை அடையாளம் காண இது உதவும்.

படி 2: எங்கிருந்து இறக்குவது

இந்தப் படியில் சறுக்கினால் மற்றதெல்லாம் வீண். தேடுபொறியில் பெயரை அடித்ததும் மேலே வருவது பல நேரம் விளம்பரம். 2023-ல் கீபாஸ் என்ற கடவுச்சொல் மென்பொருளின் பெயரில் கூகுளில் ஒரு போலி விளம்பரம் வந்தது. அந்த முகவரியில் முதல் எழுத்தின் அடியில் ஒரு சின்னக் குறி மட்டுமே கூடுதல். திரையில் படிந்த தூசி என்றுதான் நினைப்போம். கடவுச்சொற்களைக் காக்க வந்தவருக்குக் கிடைத்தது திருடன்.

அதனால் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அடுத்தடுத்த படிகளில் வரப்போகும் லிப்ரேஆபிஸ், ஜிம்ப், 7-ஜிப், கீபாஸ்எக்ஸ்சி ஆகியவற்றுக்கு அந்தந்தப் பெயரோடு 'டாட் ஆர்க்' சேர்த்தால் போதும். 7-ஜிப்பில் நடுவே உள்ள சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள். விஎல்சிக்கு வீடியோலேன் டாட் ஆர்க். இறக்கிய கோப்பை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால், பெரிய திட்டங்களின் கோப்புகளில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பகுதி இருக்கும். லிப்ரேஆபிஸில் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்றும், விஎல்சியில் வீடியோலேன் என்றும் பெயர் காட்டும். 'டவுன்லோடு தளம்' என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லா மென்பொருளையும் அடுக்கி வைத்திருக்கும் இடங்கள் பக்கமே போகாதீர்கள்.

படி 3: தமிழ் தட்டச்சு

ஆபிஸ் மென்பொருளுக்கு முன் இதைச் சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலரிடம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். கோப்புக்குள் இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. அதைத் தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. இனி அடிப்பதெல்லாம், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்கட்டும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளலாம். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். டைப்ரைட்டர் பழகியவர்களுக்கும், தமிழ்99 வேண்டுபவர்களுக்கும் இகலப்பை வசதி. நம்மவர்கள் உருவாக்கிய, மூலநிரல் திறந்த மென்பொருள் அது.

புதிதாகக் கற்பவர் என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. 'அக்கா' என்று அடிக்கும்போது க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். 'ங'-வை அடுத்து 'க' வந்தாலும், 'ந'-வை அடுத்து 'த' வந்தாலும் அப்படியே. ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் அடிக்கும் சுற்றுவழி இல்லை. பத்து நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் விடமாட்டீர்கள்.

எழுத்துருவுக்கும் காசு கொடுக்க வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர், ஹிந்த் மதுரை, அழைப்பிதழ்த் தலைப்புக்கு பலூ தம்பி: எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை.

படி 4: லிப்ரேஆபிஸ்

வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் மூன்றுக்கும் மாற்று. ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று பெயர்கள். தேடும்போது ஓப்பன்ஆபிஸ் என்ற பெயரும் வரும், அதை எடுக்காதீர்கள். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தவை. ஓப்பன்ஆபிஸை வளர்த்துவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும், அதில் உழைத்தவர்கள் பலர் நிரலை எடுத்துக்கொண்டு 2010 செப்டம்பரில் தனிக்குடித்தனம் போனார்கள். கட்டற்ற உரிமம் என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. இன்று சுறுசுறுப்பாக வளர்வது லிப்ரேஆபிஸ்தான்.

நிறுவியதும் நேரே வேலையில் இறங்கிவிடாமல் சில அமைப்புகளைச் செய்துகொள்ளுங்கள்.

தோற்றம்: வேர்டில் பழகியவருக்குப் பழைய பாணி மெனு சலிப்பூட்டும். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் 'டேப்டு' தேர்ந்தால், பழகிய பட்டை போல மாறிவிடும்.

தமிழ்: டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதற்குத் தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள். பலர் "தமிழ் எழுத்தின் அளவு மாறமாட்டேன் என்கிறது" என்று மென்பொருளைத் திட்டுவது இங்கேதான். லிப்ரேஆபிஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு என்று தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஸ்டைல் அமைப்பில் 'வெஸ்டர்ன்' பகுதியில் மாற்றினால் தமிழ் அசையாது. 'காம்ப்ளெக்ஸ்' பகுதியில் மாற்ற வேண்டும். புரிந்துவிட்டால் இது வரம். தமிழுக்கு 12, நடுவே வரும் ஆங்கிலத்துக்கு 11 என்று ஒரே முறை வைத்துவிடலாம். ஒவ்வொரு சொல்லாகப் போய் மாற்ற வேண்டியதில்லை.

லட்சக் கமா: கால்க்கில் 1,234,567 என்று வருவது நம் கண்ணுக்கு ஒட்டாது. கட்டங்களைத் தேர்ந்து கன்ட்ரோல்+1 அழுத்தி, ஃபார்மட் கோடு பெட்டியில் #,##,##0 என்று அடியுங்கள். 12,34,567 ஆகிவிடும். சங்கத்துக் கணக்கைப் பார்த்த சித்தப்பா அன்றைக்குச் சிரித்தது இதற்கு மட்டும்தான்.

கோப்பு வடிவம்: இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். லிப்ரேஆபிஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப், 2006-லேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. உங்கள் மூலக் கோப்பை அதிலேயே வைத்திருங்கள். யாராவது வேர்டு கோப்பு கேட்டால், 'சேவ் ஆஸ்' கொடுத்து டாக்ஸ் வடிவில் ஒரு நகல் அனுப்புங்கள். டாக்ஸிலேயே எழுதி, மூடி, மறுபடி திறந்து திருத்திக்கொண்டிருந்தால் அட்டவணைகளும் பத்தி இடைவெளிகளும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும். "லிப்ரேஆபிஸ் எல்லாவற்றையும் கலைக்கிறது" என்ற புகாரில் பெரும்பகுதி இதனால் வருவது. எப்போதும் வேர்டில் இருப்பவர்களோடுதான் கோப்பு பரிமாற்றம் என்றால், ஆப்ஷன்ஸில் 'லோடு/சேவ்' போய் டாக்ஸையே இயல்பு வடிவமாக்கிக்கொள்ளலாம். ஆனால் அனுப்புமுன் ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போவது எப்போதும் பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது. ஃபைல் மெனுவில் பிடிஎஃப் ஏற்றுமதியைத் திறந்தால் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைத் தேர்ந்தால் பிடிஎஃப் வயிற்றுக்குள் மூலக் கோப்பும் உட்கார்ந்துவிடும். மற்றவர் பார்த்தால் பிடிஎஃப். நீங்கள் லிப்ரேஆபிஸில் திறந்தால் திருத்தக்கூடிய ஆவணம். வருடா வருடம் தேதி மட்டும் மாற்றும் விழா அழைப்பிதழுக்கு இதைவிட வசதி கிடையாது.

படி 5: ஸ்கேனும் பழைய காகிதமும்

ஸ்கேனரோடு வரும் நிரல்கள் தேவையில்லாமல் கனமானவை. நாப்ஸ்2 என்ற சிறிய மென்பொருளைப் போடுங்கள். புரொஃபைலில் ஸ்கேனரைத் தேர்ந்து 300 டிபிஐ வையுங்கள். பக்கங்களை ஸ்கேன் செய்து, இழுத்து வரிசை மாற்றி, ஒரே பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். ஸ்கேனர் இல்லாவிட்டால் கைபேசியில் எடுத்த படங்களை இறக்குமதி செய்தாலும் போதும்.

அதிலேயே, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் பொத்தானை அழுத்தி, மொழிப் பட்டியலில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். பின்னால் இயங்குவது டெசராக்ட். எச்பி நிறுவனத்தில் 1980-களில் பிறந்து, 2005-ல் மூலநிரல் திறக்கப்பட்ட எழுத்துணரி. தெளிவான அச்சுத் தமிழை நன்றாகவே படிக்கும், கையெழுத்தைப் படிக்காது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு சிக்கலாக இருக்கிறதா? அச்சடித்து, ஸ்கேன் செய்து, ஓசிஆர் ஓட்டினால் யூனிகோடாக வெளியே வந்துவிடும். மூக்கைச் சுற்றித் தொடுவதுதான், ஆனாலும் வேலை நடக்கும். ஒரு முறை கண்ணால் பிழை பார்த்துவிடுங்கள். ண, ன குழப்பம் வரும்.

படி 6: விண்ணப்பப் புகைப்படம்

"படம் 20 கேபி முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்" என்ற வரிக்காக பிரவுசர் சென்டரில் காசு கொடுத்தவர்கள் எத்தனை பேர்! ஜிம்ப் இருந்தால் ஐந்து நிமிடம். 1996 முதல் வெளிவரும் மென்பொருள், 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது.

1. படத்தைத் திறந்து ஷிஃப்ட்+சி அழுத்தினால் வெட்டும் கருவி வரும். அதன் அமைப்பில் 'ஃபிக்ஸ்டு' டிக் செய்து, விகிதம் 35:45 என்று அடியுங்கள். முகத்தைச் சுற்றி இழுத்து என்டர் தட்டுங்கள்.

2. இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ். விண்ணப்பத்தில் பிக்சல் அளவு சொல்லியிருந்தால் அது. இல்லாவிட்டால் அகலம் 350, உயரம் 450.

3. ஃபைல் மெனுவில் 'சேவ்' கொடுத்தால் ஜிம்ப் தன் சொந்த வடிவில்தான் சேமிக்கும். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, பெயரின் கடைசியில் ஜேபிஜி பின்னொட்டு வையுங்கள்.

4. அடுத்த பெட்டியில் 'ஷோ ப்ரிவியூ' டிக் செய்தால் கோப்பின் அளவு அங்கேயே தெரியும். தரத்தைக் குறிக்கும் கோலை இழுத்து இழுத்து, கோப்பின் அளவு 50 கேபிக்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள்.

கையெழுத்துக்கும் இதே வழிதான். வெள்ளைத் தாளில் போட்டுப் படமெடுத்தால் தாள் சாம்பல் நிறமாக விழும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்து, வெள்ளைப் புள்ளியைத் தேரும் சொட்டுக்குழாயால் தாளின் மீது ஒரு கிளிக். தாள் வெளுத்துவிடும்.

படி 7: விஎல்சி

அறிமுகம் தேவையில்லாத ஆரஞ்சுக் கூம்பு. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய திட்டம். 2022-ல் சில மாதங்கள் அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில் தடை நீங்கியது. அந்த நாட்களில் கண்ட இடத்தில் இறக்கியிருந்தால், நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

வசனவரி முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, எச் விசைகள்; வாயசைவும் குரலும் பொருந்தாவிட்டால் ஜே, கே. தமிழ் வசனவரி கட்டம் கட்டமாகத் தெரிந்தால், டூல்ஸில் ப்ரிஃபரன்ஸஸ், அதில் சப்டைட்டில்ஸ் போய், என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்றும் எழுத்துருவை நிர்மலா என்றும் மாற்றுங்கள். இணைய வகுப்புக் காணொளிகளை வேகமாக ஓட்டிப் பார்க்க சதுர அடைப்புக்குறி விசைகள் உண்டு.

படி 8: பூட்டும் சாவியும்

ஆதார், பான் நகல்களை மின்னஞ்சலில் அனுப்பும் முன் 7-ஜிப்பால் கட்டுங்கள். கோப்பை ரைட் கிளிக் செய்து 'ஆட் டு ஆர்க்கைவ்', 7இசட் வடிவம், கடவுச்சொல், 'என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்' டிக். எதிரில் இருப்பவருக்கு ஜிப் வடிவம்தான் வேண்டுமென்றால், மறையாக்க முறையை ஏஇஎஸ்-256 என்று மாற்றிவிடுங்கள். ஜிப்பில் தானாக வரும் பழைய முறை வலுவற்றது. கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்பாதீர்கள், போனில் சொல்லுங்கள்.

கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. எல்லாவற்றையும் மறையாக்கிய ஒரே கோப்பாக உங்கள் கணினியிலேயே வைக்கும். யாருடைய சர்வருக்கும் போகாது. புதிய டேட்டாபேஸ் உருவாக்கி, முதன்மைக் கடவுச்சொல்லாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களை வையுங்கள். அது மறந்துபோனால் மீட்டுத் தர யாரும் இல்லை. அதனால் ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு பீரோவில் வைப்பதில் தப்பே இல்லை. பீரோவை உடைக்கும் திருடன் நகையைத்தான் தேடுவான். அந்தக் கோப்பைப் பென் டிரைவிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கீபாஸ்டிஎக்ஸ் என்ற செயலி அதே கோப்பைத் திறக்கும்.

பிரவுசரைப் பொறுத்தவரை ஒரே வரிதான்: ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேருங்கள். குரோமில் இப்போது கிடைப்பது அதன் இளைத்த லைட் பதிப்பு. பெரியவர்கள் புழங்கும் கணினியில், போலி 'டவுன்லோடு' பொத்தான்களை மறைக்க இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

தேவை வந்தால் மட்டும்

குரல் பதிவுக்கு ஆடாசிட்டி. மின்விசிறிச் சத்தத்தை நீக்க, பேச்சில்லாத ஓரிரு நொடிகளைத் தேர்ந்து நாய்ஸ் ரிடக்ஷனில் 'கெட் நாய்ஸ் புரொஃபைல்'. பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து மறுபடி அதே இடம் போய் ஓகே. திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, காணொளி வெட்ட ஷாட்கட், பேனர் வரைய இங்க்ஸ்கேப். மலர், சிற்றிதழ் வடிவமைக்கிறவர்கள் ஸ்கிரைபஸை மறுபடி முயன்று பாருங்கள். பழைய 1.4 பதிப்பில் கொம்பும் காலும் பிய்ந்து கிடந்தன. 2024-ல் வந்த 1.6-ல் தமிழ் ஒழுங்காக உட்காருகிறது. இவற்றை இன்றே எல்லாம் போட்டு வைக்க வேண்டாம்.

எங்கே கைகொடுக்காது

மேக்ரோ நிறைந்த எக்செல் படிவங்கள் கால்க்கில் அடம்பிடிக்கும். கணக்கு வேலைக்கு டாலி கேட்கும் ஆடிட்டரிடம் வாதாடிப் பயனில்லை. போட்டோஷாப் கோப்போ பேஜ்மேக்கர் கோப்போதான் வேண்டும் என்று சொல்லும் அச்சகத்துக்கு, பிடிஎஃப் போதுமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேருக்கு, உரிமத்தோடு வாங்கிய மென்பொருள்தான் வழி.

கணினியே பழசாகி விண்டோஸ் 10-ல் நின்றுவிட்டதா? 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மேலே சொன்னவற்றில் இகலப்பை, 7-ஜிப் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை, விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளமான லினக்ஸிலும் அதே பெயரில் ஓடும் என்பதால், இவற்றில் ஓரிரு மாதம் பழகிய பிறகு மாறுவது அவ்வளவு கடினமாக இருக்காது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை இணைகிறதா, பிரிண்டர் தாளைத் துப்புகிறதா, தமிழ் விசைப்பலகை வருகிறதா என்று மூன்றையும் பாருங்கள். அதுவரை திரையில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானில் கை வைக்காதீர்கள்.